வாஸ்லினைக் கண்டுபிடித்த ராபர்ட் செஸ்ப்ரோ யார்? அதை ரப்பர் ஓ-ரிங்கில் ஏன் தடவக் கூடாது?

வாட்டர் ஃபில்டரின் கேண்டிலை மாற்றக் கழற்றினால், மூடிக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் ஓ-ரிங். திரும்ப மாட்டும்போது அது இறுகும், முறுக்கிக்கொள்ளும், பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடும். உடனே பலரும் செய்வது, அலமாரியில் இருக்கும் வாஸ்லினைக் கொஞ்சம் எடுத்துத் தடவுவது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சில மாதம் கழித்து அதே இடத்தில் தண்ணீர் சொட்டும்போது வாஸ்லினை யாரும் சந்தேகப்படுவதில்லை. 'டூப்ளிகேட் வாசர்' என்று கடைக்காரர் மேல்தான் பழி விழும்.

கை வெடிப்புக்கு, உதட்டுக்கு, குழந்தையின் தோலுக்கு, கதவுக் கீலுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா போதும் என்ற நம்பிக்கை தானாக வந்ததல்ல. அதை ஊர் ஊராகப் போய் விதைத்தவர் ஒருவர் இருக்கிறார். பெயர் ராபர்ட் செஸ்ப்ரோ. 96 வயது வரை வாழ்ந்தவர். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், எந்த ரப்பருக்கு எதைத் தடவ வேண்டும் என்பதும் கிட்டத்தட்ட புரிந்துவிடும்.

22 வயதில் போன வேலை

செஸ்ப்ரோ பிறந்தது லண்டனில், 1837 ஜனவரி 9-ம் தேதி. பெற்றோர் அமெரிக்கர்கள். வளர்ந்தது நியூயார்க்கில். வேதியியல் தெரிந்த இளைஞராக அவர் இறங்கிய தொழில், திமிங்கல எண்ணெயைக் காய்ச்சிச் சுத்திகரித்து விளக்கெரிக்கும் எண்ணெய் எடுப்பது. அன்றைய அமெரிக்காவில் இரவு வெளிச்சத்தில் ஒரு பங்கு திமிங்கலங்களின் உடலிலிருந்துதான் வந்தது. நல்ல காசு வரும் தொழில்.

1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்ற சிற்றூரில் எட்வின் டிரேக் என்பவர் சுமார் 69 அடி ஆழத்துக்குத் துளைபோட்டு, பூமிக்குள்ளிருந்து எண்ணெய் எடுத்துக் காட்டினார். நிலத்தைத் தோண்டினாலே எண்ணெய் கிடைக்கும் என்றால், கடலில் திமிங்கலத்தைத் துரத்துவது யார்? செஸ்ப்ரோ செய்துகொண்டிருந்த தொழிலுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. அப்போது அவருக்கு வயது 22. இன்று ஏ.ஐ வந்து வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற வயதுதான்!

தன் தொழிலைத் தின்ற ஊரைப் பார்க்க அவரே டைட்டஸ்வில்லுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே எல்லோரும் எண்ணெயைப் பார்த்தார்கள். இவர் பார்த்தது எண்ணெயோடு வந்த அழுக்கை.

பம்பு கம்பியில் ஒட்டிய மெழுகு

எண்ணெய் இறைக்கும் பம்பின் கம்பிகளில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு மெழுகு படியும். கம்பி மெழுகு என்றே அதற்குப் பெயர். இயந்திரத்தை அடைத்துவிடும் என்பதால் தொழிலாளர்கள் அதைத் திட்டிக்கொண்டே சுரண்டி எடுப்பார்கள். ஆனால் கையில் வெட்டோ தீக்காயமோ பட்டால், அதே மெழுகை எடுத்துப் பூசிக்கொள்வார்கள். காயம் சீக்கிரம் ஆறுகிறது என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

செஸ்ப்ரோ அந்த மெழுகில் கொஞ்சத்தை நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுவந்தார். அடுத்து ஆண்டுக்கணக்கில் ஒரே வேலை: நாற்றமும் நிறமும் இல்லாமல் அதைச் சுத்தமாக்குவது. எண்ணெயைக் காய்ச்சி லேசான பகுதிகளை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சுவதை எலும்புக் கரியில் வடிகட்டினார். கடைசியில் வெளிர் நிறத்தில், வாசனை இல்லாத ஒரு களிம்பு கிடைத்தது. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? தன் கையையே வெட்டிக்கொண்டார், சுட்டுக்கொண்டார், களிம்பைப் பூசினார். இன்றைய எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

1870-ல் ஆலை தொடங்கியது. 1872 ஜூன் 4-ம் தேதி அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வாஸ்லின் என்ற பெயரும் அப்போதே வந்துவிட்டது. தண்ணீரைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையும் எண்ணெயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் என்று சொல்வார்கள்.

அந்தக் காப்புரிமையில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இன்று நாம் நினைப்பதுபோல அது வெறும் தோல் களிம்புக்கான காப்புரிமை இல்லை. மாட்டுத்தோலைப் பதப்படுத்தி மென்மையாக்கலாம், இயந்திரங்களுக்கு உயவுப்பொருளாகப் போடலாம், தலைமுடிக்குத் தடவலாம், வெடித்த கைகளுக்குப் பூசலாம் என்று ஒரு பட்டியலே உண்டு. இயந்திரமும் மனிதத் தோலும் ஒரே ஆவணத்தில்! எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்ற எண்ணம் பிறந்த இடம் இதுதான்.

குதிரை வண்டியில் ஒரு மார்க்கெட்டிங்

மருந்துக்கடைக்காரர்கள் முதலில் வாங்கவில்லை. பெட்ரோலியக் கழிவை யார் உடம்பில் பூசுவார்கள்? செஸ்ப்ரோ குதிரை வண்டியில் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க் மாநிலத்தின் உள்ளூர்களுக்குக் கிளம்பினார். கூட்டத்தின் நடுவே நின்று, தன் தோலை அமிலத்தாலோ நெருப்பாலோ சுட்டுக்கொள்வார். மேலே வாஸ்லினைப் பூசுவார். பக்கத்திலேயே பழைய காயங்கள் ஆறியிருப்பதைக் காட்டுவார். பிறகு டப்பாவை இலவசமாகக் கையில் கொடுத்துவிடுவார். தீர்ந்ததும் மக்கள் கடையில் போய்க் கேட்பார்கள், கடைக்காரர் ஆர்டர் போட்டே ஆக வேண்டும். இலவச சாம்பிள், லைவ் டெமோ, கடைக்காரருக்கு வாடிக்கையாளர் வழியாக அழுத்தம் என்று இன்றைய ஸ்டார்ட்-அப் உத்திகள் எல்லாம் 150 வருடத்துக்கு முன்பே அந்த வண்டியில் இருந்தன.

அவர் ஏமாற்றினாரா என்றால், இல்லை. மனதார நம்பினார். ஆனால் காரணம்தான் வேறு. வாஸ்லினுக்குள் காயத்தை ஆற்றும் மருந்து எதுவும் கிடையாது. அது தோலின் மேல் ஒரு படலமாகப் படிந்து ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது, அழுக்கு உள்ளே போகாமல் மறைக்கிறது. ஆற்றும் வேலையை உடம்பே பார்த்துக்கொள்கிறது. தோலோடு அது எந்த வம்புக்கும் போவதில்லை, அதனால்தான் இன்றும் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

ரப்பர் விஷயத்தில் அப்படி இல்லை.

ரப்பரோடு என்ன பகை?

பகை என்று சொல்வதைவிட உறவு என்று சொல்லலாம். பிரச்னையே அதுதான்.

வாஸ்லின் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீளச் சங்கிலிகள். மரத்தில் பால் வடித்து எடுக்கும் இயற்கை ரப்பரும் அப்படியே கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிதான். ஒரே இனத்தைச் சேர்ந்தவை ஒன்றோடொன்று கலந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் நெயில் பாலிஷ் கரைவதும், தண்ணீரில் எண்ணெய் கரையாததும் இதே விதிப்படிதான். இது செஸ்ப்ரோ பிறப்பதற்கு முன்பே தெரிந்த சங்கதி. 1823-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டாஷ் மழைக்கோட்டு செய்ததே, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்துத் துணியில் பூசித்தான்.

கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய ரப்பர் அப்படிக் கரைந்து போகாது. அதன் சங்கிலிகளுக்கு நடுவே முடிச்சுகள் விழுந்திருக்கும். ஆனால் எண்ணெய் உள்ளே நுழையும். நுழைந்து சங்கிலிகளை விலக்கும். ரப்பர் ஊறிப் பெருக்கும், மெதுமெதுவென்று ஆகும், இழுத்தால் பழைய பலம் இருக்காது. ஓ-ரிங்கின் வேலையே, தனக்கென்று வெட்டிய பள்ளத்தில் சரியான அளவில் நசுங்கி நின்று, பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருப்பதுதான். அந்தத் துடிப்புதான் கசிவை அடைக்கிறது. ஊறிய வளையம் பள்ளத்தை விட்டுப் பிதுங்கும், விளிம்பில் கடிபடும், அடுத்த முறை கழற்றினால் திரும்ப உள்ளே உட்காராது.

இது வீட்டுக் குழாயில் நடந்தால் தரை நனையும். காரின் பிரேக்கில் நடந்தால்? ஹைட்ராலிக் பிரேக் வந்த ஆரம்ப காலத்தில் அதன் சீல்கள் இயற்கை ரப்பரில் இருந்தன. பெட்ரோலிய எண்ணெய் ஊற்றினால் சீல் பெருத்துவிடும். அதனால் பொறியாளர்கள் தேர்ந்தெடுத்தது, ஆச்சரியப்படாதீர்கள், நம்ம விளக்கெண்ணெயை! ஆமணக்கு எண்ணெயோடு ஆல்கஹால் கலந்துதான் அன்றைய பிரேக் ஆயில். ஆமணக்கு எண்ணெயின் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி கூடுதலாக இருக்கிறது. அது எண்ணெயின் குணத்தை மாற்றி, ரப்பரோடு ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது. பிரேக் பாகங்களில் தடவும் சிவப்பு நிற ரப்பர் கிரீஸும் இந்த வழியில் வந்ததே. மற்ற தாவர எண்ணெய்களுக்கு இந்தச் சலுகை இல்லை. தேங்காய் எண்ணெய் இயற்கை ரப்பரை ஊற வைக்கும், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும்.

இப்போதைய பிரேக் சீல்களில் பெரும்பாலும் ஈ.பி.டி.எம் என்ற செயற்கை ரப்பர். அதுவும் கார்பன், ஹைட்ரஜன் இனம்தான். பிரேக் ஆயில் டப்பாவில் தெரியாமல் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால், எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினால் மட்டும் போதாது. எண்ணெய் பட்ட ரப்பர் பாகம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். பில்லைப் பார்த்து மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், அது நியாயமான செலவு.

பெரிய கம்பெனி, பெரிய கட்டடம், நீண்ட ஆயுள்

செஸ்ப்ரோவுக்கு வருவோம். வாஸ்லின் வளர்ந்த வேகத்தில், ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் சாம்ராஜ்யம் அவருடைய நிறுவனத்தையும் தன் குடைக்குள் கொண்டுவந்தது. கச்சா எண்ணெய் யார் கையில் இருக்கிறதோ, அவர் தயவில்தானே களிம்பும்? 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைக்க உத்தரவிட்டபோது பிரிந்த 34 நிறுவனங்களில் செஸ்ப்ரோ நிறுவனமும் ஒன்று. நியூயார்க்கின் பேட்டரி பார்க் எதிரே இன்றும் நிற்கும் வைட்ஹால் கட்டடம், ரியல் எஸ்டேட்டில் அவர் போட்ட பணத்தின் அடையாளம்.

அவருடைய வாஸ்லின் பைத்தியம் பற்றிக் கதைகள் நிறைய. தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிடுவார் என்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டி நுரையீரல் உறையில் அழற்சி வந்து படுத்தபோது, தலை முதல் கால் வரை வாஸ்லின் தேய்க்கச் சொல்லி எழுந்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அதெல்லாம் அவருடைய நம்பிக்கை. தயவுசெய்து முயற்சி செய்ய வேண்டாம்.

1933 செப்டம்பர் 8-ம் தேதி நியூ ஜெர்சியின் ஸ்பிரிங் லேக்கில் அவர் இறந்தார். அந்த ஆண்டைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் அப்போது ஜெர்மனியில் சந்தைக்கு வரும் தறுவாயில் இருந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், இன்று நாம் பயன்படுத்தும் ஓ-ரிங்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1937-ல், தன்னுடைய 72-வது வயதில். அதாவது இயந்திரங்களுக்கு வாஸ்லினைப் பரிந்துரைத்த செஸ்ப்ரோ, இந்த ரப்பர் வளையத்தின் காலத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மனதில் இருந்த இயந்திரம் இரும்பும் தோல் வாசரும் சேர்ந்தது. அந்த இரண்டுக்கும் வாஸ்லின் பொருத்தம்தான். தப்பு அவர் மேல் இல்லை, அவருடைய பட்டியலை யோசிக்காமல் நீட்டிக்கொண்டே போன நம் மேல்தான்.

சரி, அப்போ எதைத் தடவுவது?

முதலில், தடவத்தான் வேண்டுமா? வேண்டும். காய்ந்த ஓ-ரிங்கை அழுத்தி மாட்டினால் அது உருண்டு முறுக்கிக்கொள்ளும், கூரான விளிம்பில் சீவப்படும். வால்வு, பிஸ்டன் போல அசையும் இடங்களில் உராய்ந்தே தேய்ந்துவிடும். ஆனால் தேவை மெல்லிய பளபளப்பு மட்டுமே. அப்பினால் தூசியும் மணலும் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

எதை என்பதற்கு மேலே பார்த்த உறவுக் கதையே பதில். ரப்பர் எந்த இனமோ, அந்த இனத்துக் கிரீஸ் கூடாது. சொந்தத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை ரப்பர், ஈ.பி.டி.எம் இரண்டுக்கும் வாஸ்லின், சாதாரண கிரீஸ், துரு நீக்கும் பெட்ரோலிய ஸ்ப்ரே எதுவும் ஆகாது. சிலிக்கான் கிரீஸ் நல்லது. அதே சிலிக்கான் கிரீஸை சிலிக்கான் ரப்பரில் தடவினால் அதுதான் ஊறும். நைட்ரைல் ரப்பரின் சங்கிலியில் நைட்ரஜன் கலந்த பகுதிகள் இருப்பதால் பெட்ரோலியத்தைத் தள்ளிவிடும். அதற்கு வாஸ்லினும் சரி, சிலிக்கான் கிரீஸும் சரி. வைட்டான் என்ற பெயரில் தெரிந்த ஃப்ளோரின் ரப்பரும் அப்படியே. விலை அதிகமான பி.எஃப்.பி.இ என்ற ஃப்ளோரின் கிரீஸ் கிட்டத்தட்ட எல்லா ரப்பரோடும் ஒத்துப்போகும். ஆனால் ஃபில்டர் மூடிக்கு அதை வாங்குவது கொசுவுக்குப் பீரங்கி.

சிக்கல் என்னவென்றால், நைட்ரைலும் ஈ.பி.டி.எம்மும் இரண்டும் கறுப்பாகவே இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாதனத்தின் கையேட்டில் இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் கறுப்பு வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ்தான் பாதுகாப்பான தேர்வு. குடிநீர் போகும் இடம் என்றால் உணவுத் தரம் என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். சிலிக்கான் வளையம் பெரும்பாலும் வெள்ளையாகவோ, கண்ணாடி போலவோ, செங்கல் சிவப்பாகவோ இருக்கும். அதற்குத் தண்ணீரில் கரையும் கிளிசரின் போதும், மாட்டுவதற்கு மட்டும்தானே. குக்கர் கேஸ்கெட்டுக்கு வாஸ்லின் தடவும் பழக்கமும் சிலருக்கு உண்டு. விசில் வரும்போது உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ். வாஸ்லினோ 60 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். ஓடுவது எங்கே? சாம்பாருக்குள்.

ஒரு விதிவிலக்கு. காருக்கோ பைக்குக்கோ பெயின்ட் அடிக்கும் பட்டறைக்குள் சிலிக்கான் கிரீஸைக் கொண்டுபோனால் துரத்திவிடுவார்கள். துளி பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழி விழும்.

1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் 7 பேரோடு சிதறியதற்கும் ஓ-ரிங்தானே காரணம் என்று சிலர் கேட்கலாம். ஆமாம், ஆனால் அங்கே கிரீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறைபனிக் குளிரில் ரப்பர் விறைத்து, துடிப்பை இழந்ததுதான் அங்கே நடந்தது.

இந்த இரண்டு இடத்தில் மட்டும் விளையாட வேண்டாம்

ஒன்று, மருத்துவ ஆக்சிஜன். கொரோனா காலத்தில் சிலிண்டரை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ரெகுலேட்டர் மாட்டும் இடத்திலும் சீல் உண்டு. இறுக்கமாக இருக்கிறதே என்று அங்கே வாஸ்லினோ எண்ணெயோ தடவக் கூடாது. அழுத்தமான தூய ஆக்சிஜனில் பெட்ரோலியப் பொருள், தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளலாம். எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. ஆக்சிஜனுக்கென்றே செய்த ஃப்ளோரின் கிரீஸ் இருக்கிறது. அதையும் டெக்னீஷியன் தடவட்டும்.

இரண்டாவது, யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி. பெரும்பாலான ஆணுறைகள் லேடெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர். ஓ-ரிங்கைவிடப் பல மடங்கு மெல்லியது. வாஸ்லின், பேபி ஆயில், தேங்காய் எண்ணெய் எதைத் தடவினாலும் அது சில நிமிடங்களிலேயே பலமிழக்கும், கிழியும். கிழிந்தது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கர்ப்பமும் பால்வினைத் தொற்றும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறோம்: லேடெக்ஸோடு தண்ணீரில் கரையும் ஜெல் அல்லது சிலிக்கான் ஜெல் மட்டுமே.

செஸ்ப்ரோவின் நிறுவனம் 1955-ல் பாண்ட்ஸோடு இணைந்தது, 1987-ல் யூனிலீவர் கைக்குப் போனது. களிம்பின் அடிப்படை இன்றும் பெட்ரோலியம்தான். வீட்டில் இருக்கும் கறுப்பு வளையம் எந்த இனம் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால், கழற்றிப் போட்ட பழைய வளையம் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வாஸ்லினுக்குள் புதைத்து ஒரு வாரம் வையுங்கள். எடுத்துத் துடைத்து, மற்ற பாதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடித்து, தொட்டால் நொளநொளவென்று இருந்தால் அந்த இடத்துக்கு வாஸ்லின் ஆகாது.